உரக்கடைப் பற்றும் நெல் விற்கும் நாளும்

தை பிறந்து, அறுவடை வண்டி வயலில் இறங்கிய பிறகுதான் நெல்லை யாருக்குப் போடுவது என்ற பேச்சு நம் செட்டிநாட்டுப் பக்கம் ஆரம்பிக்கிறது. அந்த முடிவு பாதிக்கு மேல் புரட்டாசியிலேயே, உரம் எடுத்த இடத்திலேயே ஆகிவிட்டது. ரொக்கம் கொடுத்து உரம் எடுத்தவர் அறுவடையன்று அரசு கொள்முதல், வியாபாரி, இருப்பு என்று மூன்று வழியில் எதையும் தேர்ந்துகொள்ளலாம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனோடு எடுத்தவர் தவணைத் தேதிக்குள் விற்றாக வேண்டும். நெல் வியாபாரியே உரக்கடையும் வைத்திருந்து, அவரிடம் பற்றில், அதாவது கடனுக்கு, எடுத்திருந்தால் வழி ஒன்றுதான், அவருக்கே போடுவது.

டெல்டாவில் குறுவையில் விட்டதைச் சம்பாவில் பிடிக்கப் பார்க்கலாம். காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், சாக்கோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய்த் தண்ணீரையும் நம்பி வருஷத்துக்கு ஒரு போகம் எடுப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒரு அறுவடைப் பணத்தில் அடுத்த ஆவணி வரை ஓட்ட வேண்டும். அதனால் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது: உரச் செலவை ரூபாயில் மட்டும் எழுதாதீர்கள், நெல்லிலும் எழுதுங்கள். எத்தனை கிலோ நெல் உரத்துக்குப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், அறுத்தவுடன் எத்தனை மூட்டை வெளியே போக வேண்டும், எத்தனை மூட்டையை நிறுத்திப் பார்க்கலாம் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஒரு ஏக்கர் கணக்கு

மத்திய கால ரகம், கண்மாய்ப் பாசனம். ஏக்கருக்கு டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) ஒரு மூட்டை, யூரியா இரண்டு மூட்டை, பொட்டாஷ் அரை மூட்டை என்று வைத்துக்கொள்வோம். டிஏபி 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, இரண்டுக்கு 533. பொட்டாஷ் மூட்டை 1,700 என்று போட்டால் அரை மூட்டை 850. கூட்டினால் 2,733 ரூபாய். இதில் கிடைக்கும் சத்து தழை (நைட்ரஜன்) 50 கிலோ, மணி (பாஸ்பரஸ்) 23 கிலோ, சாம்பல் (பொட்டாசியம்) 15 கிலோ. மத்திய, நீண்ட கால ரகங்களுக்கு எக்டேருக்குச் சொல்லப்படும் 150:50:50 என்ற பொதுச் சிபாரிசை ஏக்கருக்கு மாற்றினால் 60:20:20 வரும். அதோடு பார்க்கும்போது தழையிலும் சாம்பலிலும் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

2025-26 கொள்முதல் பருவத்தில் மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து பொது ரக நெல் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். கிலோ 25 ரூபாய்க்குப் போட்டால் அந்த ஏக்கர் உரத்தின் விலை 109 கிலோ நெல். கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பத்தில் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. அதே நெல்லை வியாபாரி களத்தில் 19 ரூபாய்க்குக் கேட்டால் (ஈர வித்தியாசத்தைக் கீழே தனியாகப் பார்ப்போம்), அதே உரம் 144 கிலோ ஆகிவிடுகிறது. கடையில் உரம் ஒரு பைசா ஏறவில்லை. விற்ற இடம் மாறியதால் ஏக்கருக்கு 35 கிலோ நெல் கூடுதலாக உரத்துக்குப் போய்விட்டது.

எந்த உரம் உண்மையிலேயே ஏறியது என்பதையும் இந்தக் கணக்கு காட்டிவிடும். 45 கிலோ மூட்டை வந்த 2018-லிருந்து யூரியா விலை அசையவில்லை. 2018-19-ல் பொது ரக நெல்லின் ஆதரவு விலை 1,750 ரூபாய். ஒரு மூட்டை யூரியாவுக்கு 15 கிலோ நெல் கொடுக்க வேண்டியிருந்தது. 2025-26-ல் ஆதரவு விலை, ஊக்கத்தொகை இல்லாமலே, 2,369. 11 கிலோ நெல் போதும். பொட்டாஷ் எதிர்ப்பக்கம் போனது. 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியம் வந்த பிறகு பொட்டாஷும் காம்ப்ளக்ஸ் (கூட்டு) உரங்களும் உலகச் சந்தையோடு சேர்ந்து ஆடுகின்றன. 2020-ல் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்த பொட்டாஷ் மூட்டை, உக்ரைன் போர் தொடங்கிய 2022-ல் 1,700-ஐத் தொட்டது. ரஷ்யாவும் பெலாரஸும் உலகுக்குப் பொட்டாஷ் விற்கும் பெரிய நாடுகள் என்பதால் வந்த வினை அது. நெல்லில் சொன்னால் 50 கிலோவாக இருந்தது 80 கிலோவுக்கு மேல் ஏறியது. டிஏபியும் 2021 ஏப்ரலில் 1,900 ரூபாய்க்குப் போனது. மே மாதத்தில் மத்திய அரசு மூட்டைக்கான மானியத்தை 500-லிருந்து 1,200 ஆக உயர்த்தியதால்தான் பழைய 1,200 ரூபாய்க்கே இறங்கியது. பிறகு 1,350-ல் நிலைத்தது.

யூரியா மலிவு, பொட்டாஷ் விலை அதிகம் என்றால் கை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பொட்டாஷை விட்டுவிட்டு யூரியாவை மூன்றாவது மூட்டையாக அள்ளி வீசுகிறார்கள். பயிர் கரும்பச்சையாக, பார்க்க அழகாக நிற்கும். பிறகு குலைநோயும் புகையான் பூச்சியும் வரும், மார்கழி மழையில் சாயும், கதிரில் கருக்காய் (பதர்) கூடும். இதற்கான தண்டனை கொள்முதல் நிலையத்துத் தூற்றும் இயந்திரத்தில்தான் தெரியும். களத்தில் 50 சிப்பம் என்று மதிப்புப் போட்ட குவியல், பதர் பறந்த பிறகு 46-ஆக நிற்கும். அரை மூட்டை பொட்டாஷில் மிச்சம் பிடித்தது 850 ரூபாய். நான்கு சிப்பம் போனால் 4,000 ரூபாய். பொட்டாஷ் ஏறும் வருஷத்தில் குறைத்தே தீர வேண்டும் என்றால் முதலில் யூரியாவில் கை வையுங்கள், சாம்பல்சத்தில் வைக்காதீர்கள்.

மணிச்சத்தில் வேறு ஒரு சிக்கல் உண்டு. நம் செம்மண், செம்புறை மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதிகம். போட்ட மணிச்சத்தில் ஒரு பகுதியை மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும். டிஏபியை நெல்லில் மாற்றிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாமா என்று கேட்பவர்கள் முதலில் மண் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மணிச்சத்து நன்றாக இருக்கிறது என்று மண் பரிசோதனை அட்டை வந்தால் அந்த வருஷம் டிஏபியைப் பாதியாக்கலாம், தழைச்சத்தில் விழும் குறையை யூரியாவில் சரிக்கட்டலாம். அட்டை இல்லாமல் குத்துமதிப்பாகக் குறைத்தால் தூர் கட்டுவதில் அடி விழும்.

பற்றில் ஒளிந்திருக்கும் வட்டி

ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எழுதிப் பழகிய ஊர் நம்முடையது. மாத வட்டி போட இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் உரக்கடைப் பற்றில் வட்டி தனியாக எழுதப்படுவதில்லை, நெல்லின் விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதனால் கண்ணில் படுவதில்லை.

ஏக்கருக்கு 2,733 ரூபாய் உரம் பற்றில் எடுத்து, அறுத்த நெல் முழுவதையும் அதே கடைக்காரருக்குப் போடுவதாக வாய்ப்பேச்சு. அவர் பற்றுக்கு வட்டி வாங்குவதே இல்லை. சந்தை விலையைவிடக் கிலோவுக்கு ஒரு ரூபாய் மட்டும் குறைத்து எடுத்துக்கொள்கிறார். விளைச்சல் ஏக்கருக்கு 20 குவிண்டால் என்றால் இழப்பு 2,000 ரூபாய். அதாவது 2,733 ரூபாய்க் கடனுக்கு ஐந்து மாதத்தில் 2,000 ரூபாய் வட்டி. அதே பணத்தை மூணு வட்டிக்கு (நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்) வெளியே வாங்கியிருந்தால்கூட ஐந்து மாதத்துக்கு 410 ரூபாய்தான் ஆகியிருக்கும். நகைக்கடன் என்றால் இன்னும் குறைவு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி, தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை.

சங்கத்தில் இடம் கிடைக்காமல் கடையில்தான் எடுக்க வேண்டியிருக்கிறது என்றால், பேச்சைப் புரட்டாசியிலேயே பேசுங்கள். "உங்க பற்றுக்கு எத்தனை மூட்டை வருதோ அத்தனை மூட்டை உங்களுக்கு, மிச்சம் என் இஷ்டம்" என்று. ஏக்கருக்கு மூன்று, நான்கு சிப்பம் அளவு அவருக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்தே கொடுத்தாலும் நஷ்டம் 160 ரூபாயைத் தாண்டாது. முழு நெல்லையும் கட்டிக்கொடுப்பதில்தான் குழி இருக்கிறது. இங்கிலாந்தின் கோதுமை விவசாயிகளில் பலர் உரம் வாங்கும்போதே அடுத்த அறுவடையில் ஒரு பங்கை முன்விலை பேசி விற்றுவிடுவார்கள். உரமும் தானியமும் அன்றைய விலையிலேயே பூட்டப்பட்டுவிடும், மிச்சத் தானியத்துக்குக் கை சுதந்திரம். நமக்கு அப்படி ஒரு சந்தை இல்லாவிட்டாலும், இத்தனை மூட்டை உரத்துக்கு என்று வரம்பு கட்டுவது நம் கையில்தான் இருக்கிறது.

மூட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்பது உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம். யூரியாவோடு வேறு எதையாவது சேர்த்து வாங்கினால்தான் தருவேன் என்பதும் கூடாத செயல். விரல் ரேகை வைத்து இயந்திரத்தில் ரசீது போட்டுத்தான் மானிய உரம் விற்க வேண்டும். அந்த ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; புகார் என்று வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான். யூரியா தட்டுப்பாடு வருவது பெரும்பாலும் மழைக்குப் பிந்திய வாரத்தில். புழுதியில் விதைத்த எல்லாரும் ஒரே நேரத்தில் மேலுரம் தேடுவார்கள். முதல் மேலுரத்துக்கு வேண்டிய யூரியாவை மழைக்கு முன்னரே எடுத்து, மரச்சட்டத்தின் மேல், சுவரில் படாமல் அடுக்கி வையுங்கள். தரையில் வைத்தால் ஈரம் வாங்கிக் கட்டியாகிவிடும். ஒரு மூட்டையைப் பிரித்தால் அன்றே தீர்க்கப் பாருங்கள்.

ஈரநெல்லும் காய்ந்த நெல்லும்

வியாபாரி வயலில் கேட்கும் விலையையும் கொள்முதல் நிலைய விலையையும் நேருக்கு நேர் வைத்துப் பேசுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. முன்னது ஈரநெல் விலை, பின்னது 17 சதவீத ஈரப்பதத்துக்குக் காய்ந்த நெல்லின் விலை. வண்டி அறுத்துக் கொட்டும்போது நெல்லில் 20 முதல் 24 சதவீதம் ஈரம் இருக்கும். காயவைத்தால் எத்தனை எடை குறையும் என்பதற்குச் சுலபமான வழி: நூறிலிருந்து இப்போதைய ஈரத்தைக் கழியுங்கள், வந்ததை 83-ஆல் வகுங்கள். 21 சதவீதம் என்றால் 79-ஐ 83-ஆல் வகுக்க 0.95. நூறு கிலோ 95 கிலோவாகும்.

இப்போது ஒப்பிடலாம். 95 கிலோவுக்கு 25 ரூபாய் வீதம் 2,375. காயவைக்கும் கூலி, வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் குவிண்டாலுக்கு 150 என்று போடுங்கள், பதர்க் கழிவுக்கு ஒரு 50. கையில் நிற்பது 2,175. ஆக, களத்தில் ஈரநெல்லை 21 ரூபாய் 75 காசுக்கு யாராவது எடுத்தால் இரண்டும் சமம், யோசிக்காமல் கொடுத்துவிடலாம். 19 ரூபாய்க்குக் கேட்டால் குவிண்டாலுக்கு 275 ரூபாய், 20 குவிண்டாலுக்கு 5,500 ரூபாய் விட்டுக்கொடுக்கிறீர்கள். அது இரண்டு ஏக்கர் உரம். உங்கள் ஊர்க் கூலியும் தூரமும் வேறாக இருக்கும். அந்த 150-ஐ மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். பத்து சிப்பத்துக்குக் குறைவான நெல் உள்ளவர்களுக்கு வண்டி வாடகையே தின்றுவிடும். அப்போது பக்கத்து வயல்காரரோடு சேர்ந்து ஒரே வண்டியில் ஏற்றினால்தான் கட்டும்.

வியாபாரி விலையைக் கிலோவுக்கு மாற்றாமல் தலையாட்ட வேண்டாம். மூட்டை என்பது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். 62 கிலோ மூட்டை 1,200 என்றால் கிலோ 19 ரூபாய் 35 காசு. 66 கிலோ மூட்டை 1,250 என்பது கேட்க அதிகம், ஆனால் கிலோ 18 ரூபாய் 94 காசுதான். முதல் ஆளே கழிவு என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கூட வைத்து நிறுத்தினால் அவர் விலையும் 18 ரூபாய் 75 காசுக்கு இறங்கிவிடும்.

காயவைப்பதில் அவசரம் வேண்டாம். தார்ப்பாயில் இரண்டு விரற்கடை கனத்துக்கு மேல் பரப்பாமல், மணிக்கு ஒரு தரம் கிளறி விட்டால் தை வெயிலில் ஒன்று இரண்டு நாளில் 17-க்கு வரும். மெல்லிசாகப் பரப்பிக் கொளுத்தும் வெயிலில் ஒரே மூச்சில் காயவிட்டால் மணி உள்ளே வெடிக்கும். அரைவையில் நொய் கூடும். தனியார் ஆலைக்காரர் கையில் தேய்த்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். சாயங்காலம் குவித்து மூடிவிட வேண்டும், தைப் பனி இரவோடு இரவாக ஈரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். நிலையத்தில் ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்பப்படும் குவியல்களில் பல, மேலே நன்றாகக் காய்ந்து நடுவில் புழுங்கி நிற்பவை. கையை முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்துக் கடித்துப் பாருங்கள். சட்டென்று உடைந்தால் சரி, பல்லில் நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும்.

சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (சாகுபடிப் பதிவு), ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் நான்கையும் அறுவடைக்கு முன்பே தயார் செய்துகொள்ளுங்கள். செட்டிநாட்டில் நிலம் ஒருவர் பெயரிலும் உழவு இன்னொருவர் கையிலும் இருப்பது சகஜம். குத்தகைக்குப் பயிரிடுபவர் தன் பெயரில் சாகுபடிச் சான்றைக் கிராம நிர்வாக அலுவலரிடம் மார்கழியிலேயே கேட்டு வைக்காவிட்டால், நெல் குவிந்து கிடக்கும்போது சிட்டாதாரரைத் தேடி வெளியூருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க நேரும். அந்த வாரத்தில்தான் வியாபாரி 18 ரூபாய்க்குக் கேட்பார்.

நிறுத்தி வைப்பது யாருக்குக் கட்டும்?

ஐந்து மாதம் வைத்து ஆனி, ஆடியில் விற்றால் விலை கூடும் என்பது பொதுவான நம்பிக்கை. கூடலாம். எவ்வளவு கூடினால் கட்டும் என்பதுதான் கேள்வி. மாசியில் கொள்முதல் நிலையத்தில் போட்டுச் செலவு போகக் காய்ந்த நெல் குவிண்டாலுக்கு 2,400 கையில் வரும் என்று வைப்போம். இருப்பு வைக்க 14 சதவீதத்துக்குக் காயவைக்க வேண்டும். அதில் மூன்றரை சதவீத எடை போகும். அந்துப்பூச்சி, எலி, சிந்தல் என்று இன்னும் ஒன்றரை. சாக்கு, கூலிக்கு 40 ரூபாய். பணம் ஐந்து மாதம் முடங்குவதால் அத்தனை நாளும் உங்கள் தலையில் இருக்கும் கடனுக்கு வட்டி ஓடும். நகைக்கடன், மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் ஆடியில் 2,690-க்கு விற்றால்தான் மாசி விலைக்குச் சமம். இரண்டு வட்டிக் கடன் என்றால் 2,820. மூணு வட்டி என்றால் 2,950.

மோட்டா ரகத்தில் இந்த விலையை எதிர்பார்த்து உட்காருவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இட்லி அரிசிக்குப் போகும் ஏஎஸ்டி 16 போன்றவற்றையும், சிஆர் 1009-ஐயும் நிலையம் திறந்திருக்கும்போதே போட்டுவிடுவது நல்லது. அடுத்த பருவத்தில் ஆதரவு விலை ஏறும், அப்போது போடலாம் என்று வைத்திருப்பதும் சரிவராது. கொள்முதல் அந்தப் பருவத்து அடங்கலைப் பார்த்துத்தான். வைத்துப் பார்க்கத் தகுந்தது பிபிடி 5204, ஆர்என்ஆர் 15048 மாதிரியான சாப்பாட்டுச் சன்னம். பழைய நெல்லின் அரிசி குழையாமல் பொலபொலவென்று வரும் என்பதால் ஆலைக்காரர் அதற்குக் கூட்டித் தருவார். அதிலும் உரக்கடன், தவணைக்கடன் அடைத்தது போக மிஞ்சிய மூட்டைகளை மட்டும் வையுங்கள்.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பொருளீட்டுக் கடன் என்று ஒன்று இருக்கிறது. நெல்லைக் கிடங்கில் வைத்து, மதிப்பில் 75 சதவீதம் வரை, ஆண்டுக்கு 5 சதவீத வட்டியில், 180 நாள் வரை கடன் வாங்கலாம். அதில் போட்டுப் பார்த்தால் மேலே சொன்ன 2,690 ஏறத்தாழ 2,600-க்கு இறங்குகிறது. சன்ன நெல் வைத்திருந்து, மாசியில் கடன்காரர் வாசலில் நிற்கிறார் என்பதற்காக மட்டும் விற்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நெல் 14 சதவீதத்துக்குக் காய்ந்து, சுத்தமாக, ஒரே ரகமாக இருக்க வேண்டும். இரண்டு ரகம் கலந்த மூட்டை மறைமுக ஏலத்தில் விலை இழக்கும்.

வைக்கோல் விலையும் இதே கணக்கில்தான் வரும். கட்டு கட்டி விற்ற காசில் உரக்கடையை அடைக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. பற்றை அடைக்க அது நல்ல வழி. ஆனால் ஒரு டன் வைக்கோலோடு ஏறத்தாழ 15 கிலோ சாம்பல்சத்து வயலைவிட்டுப் போகிறது. அது 25 கிலோ பொட்டாஷ், அதாவது நாம் மேலே ஏக்கருக்குப் போட்ட அதே அரை மூட்டை, 850 ரூபாய். சொந்த மாட்டுக்குப் போட்டு எரு வயலுக்கே வந்தால் பெரும்பகுதி திரும்பிவிடும். லாரி ஏற்றி வெளியூருக்கு விற்பதானால் டன்னுக்கு அந்த 850-ஐக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் வரவில் எழுத வேண்டும்; கட்டு விலை பேசும்போதும் அதை மனதில் வைத்தே பேசுங்கள்.